டின் சரக்கும் துருவும்: வணிகர் கவனத்திற்கு

எண்ணெய், நெய், வனஸ்பதி, பிஸ்கட், பழத்துண்டுகள் எனப் பல சரக்குகள் நமக்கு டின்னில் வருகின்றன. தகரம் என்று நாம் சொன்னாலும் அது மெல்லிய எஃகுத் தகடுதான். அதன் இருபுறமும் வெள்ளீயம் பூசப்பட்டிருக்கும். ஒரு சதுர மீட்டருக்கு 2.8 கிராம் என்பது வழக்கமான பூச்சு அளவுகளில் ஒன்று. கனத்தில் சொன்னால், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ 2,500-ல் ஒரு பங்குதான்.

இப்பூச்சுக்கு இரண்டு வேலைகள். துருவைத் தடுப்பது ஒன்று. உராய்வைக் குறைப்பது மற்றொன்று. வெள்ளீயம் மிருதுவான உலோகம். தகட்டை அச்சில் அழுத்தி இழுக்கும்போது, அது மசகு எண்ணெய்போல வழுக்கிக் கொடுக்கும். அதனால் தகடு கிழிவதில்லை; அச்சும் விரைவில் தேய்வதில்லை. மூடிகளுக்கும் அடிப்பாகத்திற்கும் குரோமியம் பூசிய தகடும் பயன்படுகிறது. குரோமியப் பூச்சு கடினமானது; அப்படியே அச்சில் கொடுத்தால் அச்சைத் தேய்த்துவிடும். ஆகவே அதன்மேல் லாக்கர் பூசியே வேலைக்கு எடுக்கிறார்கள்.

தொழிற்சாலையில் உதவும் வெள்ளீயத்தின் மிருதுத்தன்மை, நம் குடோனில் பாதகமாகிறது. லாரியில் டின்னும் டின்னும் உரசினாலும், சிமெண்ட் தரையில் இழுத்தாலும் பூச்சு தேய்ந்து இரும்பு வெளிப்படும். துத்தநாகம் பூசிய வாளியில் கீறல் விழுந்தால், துத்தநாகம் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கும். வெளிக்காற்றில் வெள்ளீயம் அப்படிக் காப்பதில்லை. ஈரம் பட்டால் கீறலில் இரும்புதான் முதலில் அரிபடும். நாளடைவில் அது ஊசித்துளையாகி எண்ணெய் கசியும். நஷ்டம் நம் தலையில் விழும்.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை:

1. டின்களை இழுக்காமல் தூக்கி வைக்கச் சொல்லுங்கள். மூட்டைக் கொக்கி டின் பக்கமே வரக் கூடாது.

2. தரையில் பலகை போட்டு அடுக்குங்கள். அடுக்குகளுக்கிடையே அட்டை வைத்தால் உரசல் குறையும்.

3. உப்பு மூட்டைக்கும் ஈரச் சுவருக்கும் அருகில் டின்களை வைக்காதீர்கள். உப்பும் ஈரமும் சேர்ந்தால் துரு வேகமாக ஏறும்.

4. சரக்கு இறங்கும்போதே விளிம்பையும் மூட்டுகளையும் பாருங்கள். ஆழமாகத் துருப்பிடித்த, மூட்டு நசுங்கிய, கசியும் டின்களைத் தனியே வைத்து, ரசீதில் குறித்துத் திருப்பி அனுப்புங்கள். உப்பிய உணவு டின்னை எக்காரணம் கொண்டும் விற்கக் கூடாது.

5. முன்பு வந்த சரக்கை முன்பே விற்றுவிடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை பயன்படுத்திய டின்னில் மீண்டும் சமையல் எண்ணெய் அடைத்து விற்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. அதில் நியாயம் உண்டு. பழைய டின்னைத் தேய்த்துக் கழுவும்போது உட்பூச்சும் தேய்கிறது. உள்ளே துரு இருந்தாலும் வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாது. டின் விலையில் சில ரூபாய் மிச்சம் பிடிக்கப்போய், வாடிக்கையாளரின் உடல்நலத்தையும் கடையின் நற்பெயரையும் பணயம் வைக்கலாகாது.