கட்டையை அழுத்தினால் இடி இடிக்க வேண்டும்: எந்த மென்பொருள் வாங்குவது?

மிடி கீபோர்டு ஒன்றை வாங்கிவந்து கம்ப்யூட்டரில் சொருகி, ஆசையாக ஒரு கட்டையை அழுத்துகிறோம். சத்தமே வரவில்லை. பெட்டி பழுதோ என்று சந்தேகம் வரும். பழுதெல்லாம் இல்லை. மிடி கன்ட்ரோலர் என்று விற்கப்படும் இந்த வகைக் கீபோர்டுகளில் பெரும்பாலானவற்றுக்குள் ஒலி என்று எதுவும் கிடையாது. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு வேகமாக அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற செய்தியை மட்டும் அது கம்ப்யூட்டருக்கு அனுப்புகிறது. கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண். நடு ‘சி’க்கு 60. அழுத்தும் வேகத்துக்கும் 127 வரைதான் அளவு. ஒரு செய்திக்கு மூன்றே பைட் போதும்.

இந்த ஏற்பாடு 1983இல் வந்தது. அதற்கு முன் ஒரு நிறுவனத்தின் சிந்தசைசரை இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு இணைப்பது பெரும்பாடு. அமெரிக்காவின் டேவ் ஸ்மித்தும், ஜப்பானில் ரோலண்ட் நிறுவனத்தைத் தொடங்கிய இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று போட்டி நிறுவனங்களை ஒரே மொழிக்குச் சம்மதிக்க வைத்தார்கள். அதற்காக 2013இல் இருவருக்கும் தொழில்நுட்பப் பிரிவில் கிராமி விருது கிடைத்தது. மிடி 2.0 என்ற புதிய வடிவம் 2020இல் வந்துவிட்டது. ஆனாலும் இன்று கடையில் கிடைக்கும் சின்னக் கீபோர்டும் அந்தப் பழைய மொழியைத்தான் பேசுகிறது.

ஆக, ஒலி கொடுப்பது மென்பொருளின் வேலை. எதை வாங்கலாம் என்று யாரிடம் கேட்டாலும் அவரவர் பழகியதன் பெயரைச் சொல்வார்கள். அதற்கு முன் நாம் முடிவு செய்யவேண்டியது ஒன்று உண்டு. நம்மிடம் உள்ள ஒலிகளைக் கட்டைகளில் ஏற்றி நேரத்துக்குத் தட்டுவதா, பியானோ, வயலின் போன்ற வாத்தியத்தை வாசிப்பதா, அல்லது வாசித்ததைப் பதிவு செய்து பாட்டாக்குவதா? முதல் வேலைக்குச் சாம்பிளர் வேண்டும். இரண்டாவதற்கு மெய்நிகர் வாத்தியம். மூன்றாவதற்கு டிஏடபிள்யூ எனப்படும் ஒலிப்பதிவு மென்பொருள். முதல் இரண்டும் பெரும்பாலும் பிளக்-இன்களாக மூன்றாவதற்குள்ளேயே உட்கார்ந்துகொள்ளும் என்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

ஒரு நாடகக் குழுவை எடுத்துக்கொள்வோம். இடி, கோயில் மணி, ரயில், பின்னணியில் சுருதிப் பெட்டி என நான்கு ஒலிகளும் கோப்புகளாகக் கையில் இருக்கின்றன. நடிகர் வசனத்தை முடிக்கும் நொடியில் இடி இடிக்க வேண்டும். தகரத்தை உலுக்கி இடி எழுப்பிய காலத்து வேலைதான். இப்போது விரல் நுனியில் முடிகிறது.

ரீப்பர் மென்பொருளில் இதைச் செய்து பார்க்கலாம். புதிய டிராக் ஒன்றைத் திறந்து, சிவப்புப் பதிவுப் பொத்தானை அழுத்தி, உள்ளீடாக மிடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒலி உடனே காதில் விழ, மானிட்டர் பொத்தானும் இயங்கும் நிலையில் இருக்கவேண்டும். சத்தம் வரவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்பவர்களில் பலர் கோட்டைவிடுவது இந்த இரண்டு பொத்தான்களில்தான். அடுத்து ரீசாம்ப்ளோமேட்டிக் 5000 என்ற சாம்பிளரை அந்த டிராக்கில் ஏற்றி, மணியோசைக் கோப்பை இழுத்துப் போடுகிறோம். எல்லாக் கட்டைகளும் மணி அடிக்கும். தொடக்கக் கட்டை, முடிவுக் கட்டை இரண்டிலும் 60 என்று கொடுத்துவிட்டால் நடு ‘சி’ மட்டும் மணியாகும். ஒவ்வொரு ஒலிக்கும் இப்படி ஒரு சாம்பிளர். இடிக்கு 62, ரயிலுக்கு 64.

அதே சாளரத்தில் இன்னொரு சின்னத் தேர்வுப் பெட்டி இருக்கிறது: விரலை எடுத்ததும் ஒலி நிற்கவேண்டுமா என்பது. மணிக்கு அது வேண்டாம். ஒரு தட்டுத் தட்டினால் ரீங்காரம் தானாக அடங்கட்டும். சுருதிப் பெட்டிக்கு அது கட்டாயம் வேண்டும், கூடவே ஒலி சுழன்று சுழன்று வரும் அமைப்பும். விரலை எடுத்ததும் நிற்கும் தேர்வு இல்லாவிட்டால் காட்சி முடிந்த பிறகும் சுருதி ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரே ஒலியைக் கீபோர்டு முழுக்கப் பரப்பி ராகம் வாசிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எளிய சாம்பிளர்களில் ஒரு ஸ்தாயி மேலே போனால் ஒலியின் நீளம் பாதியாகி, குரல் கீச்சிடும். அதனால்தான் நல்ல மெய்நிகர் வாத்தியங்களில் சில கட்டைகளுக்கு ஒன்றாக, மென்மையாகவும் அழுத்தமாகவும் தனித்தனியே வாசித்துப் பதிந்த ஒலிகளை அடுக்கியிருப்பார்கள். கான்டாக்ட் இதில் பெரிய பெயர். டீசன்ட் சாம்ப்ளர் இலவசம். நம் இசைக்கு இன்னொரு தேவையும் உண்டு. கமகம் கட்டைகளில் கிடைக்காது. பிட்ச் பெண்ட் சக்கரத்தில்தான் கொண்டுவர வேண்டும். அதன் வீச்சு வழக்கமாக மேலும் கீழும் இரண்டு அரைச்சுரங்கள். அதை மாற்ற இடம் கொடுக்காத வாத்திய மென்பொருளை நம் பாட்டுக்காரர்கள் வாங்காமலிருப்பது நல்லது.

இனி பதிவு. இங்கே பதிவாவது ஒலியல்ல, விரல் செய்த வேலை. ஸ்டீரியோ ஒலிப்பதிவு சிடி தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்பி பிடிக்கும். மிடிப் பதிவுக்குச் சில கேபி போதும். இடி அரை நொடி பிந்தி விழுந்திருந்தால் திரையில் தெரியும் அதன் குறியை மவுஸால் முன்னே நகர்த்திவிடலாம். இடியே பிடிக்காமல் போனால் வேறு கோப்பை ஏற்றினால் போதும், மறுபடி வாசிக்க வேண்டியதில்லை. ஆனால் நடிகரின் குரலையும் சேர்த்துப் பதிய வேண்டுமென்றால் எல்லா மென்பொருளும் உதவாது. எல்எம்எம்எஸ் அருமையான இலவச மென்பொருள், அதன் 1.2 பதிப்பில் மைக் பதிவு கிடையாது. எஃப்எல் ஸ்டுடியோவிலும் விலை குறைந்த ஃப்ரூட்டி பதிப்பை விட்டு அடுத்த பதிப்புக்குப் போக வேண்டும்.

பெரும்பாலோர் மென்பொருளைத் திட்டுவது தாமதத்துக்காக. கட்டையை அழுத்திக் கொஞ்சம் பொறுத்து ஒலி வந்தால் வாசிக்கவே முடியாது. காரணம் பஃபர் அளவு, அதாவது கம்ப்யூட்டர் ஒரு தடவைக்கு எத்தனை சாம்பிள்களைச் சேர்த்து அனுப்புகிறது என்பது. நொடிக்கு 44,100 சாம்பிள் ஓடும் அமைப்பில் பஃபர் 1024 என்றால் அதனால் மட்டும் 23 மில்லி வினாடி தாமதம். 128 என்றால் 3 மில்லி வினாடிகூட இல்லை. விண்டோஸில் தாமதத்தைக் குறைக்கும் ஏஎஸ்ஐஓ டிரைவர் இல்லாமல் அவ்வளவு குறைக்கப் போனால் ஒலி விட்டுவிட்டு வரலாம். ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கினால் அதற்குரிய டிரைவரை நிறுவுங்கள். இல்லையென்றால் ஏஎஸ்ஐஓ ஃபார் ஆல் இலவசமாகக் கிடைக்கிறது. மேக்கில் இந்தத் தொல்லை குறைவு. புளூடூத் ஹெட்போனை மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள், எந்த மென்பொருளாலும் அதன் தாமதத்தைச் சரிசெய்ய முடியாது.

சரி, எதை எடுப்பது? மேக்கோ ஐபேடோ வைத்திருப்பவர் காசு செலவழிக்கும் முன் கராஜ்பேண்டில் ஆறு மாதம் பழகட்டும். விண்டோஸில் என் ஓட்டு ரீப்பருக்கு. வினாம்ப் எழுதிய ஜஸ்டின் ஃபிராங்கல் உருவாக்கியது. 60 நாள் முழு வசதியோடு சோதித்துப் பார்க்கலாம். பிறகு தனிநபர் உரிமம் 60 டாலர். அழகில்லாத முகம், ஆனால் பழைய லேப்டாப்பிலும் மூச்சுத் திணறாது. தாளத் துணுக்குகளை அடுக்கிப் பாட்டுக் கட்டுபவருக்கு எஃப்எல் ஸ்டுடியோ. ஒருமுறை வாங்கினால் புதிய பதிப்புகள் ஆயுளுக்கும் இலவசம். மேடையிலேயே துணுக்குகளை ஓடவிட்டு விளையாட ஏபிள்டன் லைவ். பதிவே வேண்டாம், கச்சேரியில் வாசித்தால் போதும் என்பவருக்கு மேக்கில் மெயின்ஸ்டேஜ், விண்டோஸில் கான்டபிலே. கிராக் செய்த கியூபேஸ் மென்பொருளை ஆண்டுக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு இத்தனை மலிவான வழிகள் இருக்கும்போது சாக்கு எதுவும் இல்லை.

பல கீபோர்டுகளின் பெட்டிக்குள் ஏபிள்டன் லைவ் லைட்டுக்கான குறியீட்டு எண் இருக்கும். அட்டையைக் குப்பையில் போடும் முன் தேடிப் பாருங்கள். எஃப்எல் ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பில் வேலையைச் சேமிக்கலாம், ஆனால் பணம் கட்டாதவரை மீண்டும் திறக்க முடியாது. மூடுவதற்கு முன் ஒலிக்கோப்பாக வெளியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.