பெட்டி மாறலாம், நினைவு மாறக்கூடாது

மாதவரம் ரவுண்டானாவில் லாரி ஓடாத நேரமே கிடையாது. ஜி.என்.டி. சாலையில் கல்கத்தா பக்கம் போகும் லோடு, மணலியிலிருந்து கிளம்பும் டேங்கர், எண்ணூருக்கும் காட்டுப்பள்ளிக்கும் போகும் கன்டெய்னர் என்று எத்தனையோ வண்டிகள் இந்தப் பக்கமாகத்தான் போகின்றன. லாரி டெர்மினலை ஒட்டிய பட்டறைகளில் உரிமையாளர்களை இப்போது மிகவும் கலங்கவைக்கும் பழுது ஒன்று உண்டு. செல்ஃப் அடிக்கிறது, டீசல் இருக்கிறது, பேட்டரி புதுசு. என்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. ஸ்கேனரை மாட்டினால் ஏழெட்டு எரர் கோடு வரிசையாக வருகிறது. பக்கத்தில் நிற்பவர் யாராவது சொல்லிவிடுவார்: "ஈசிஎம் போயிடுச்சுண்ணே, மாத்திடுங்க."

புதுப் பெட்டியின் விலையைக் கேட்டால் தலை சுற்றும். அதனால் கழித்துக்கட்டிய வண்டியிலிருந்து எடுத்த பழைய பெட்டியைத் தேடிப் புறப்படுகிறார்கள். அதில் தவறில்லை, சரியாகச் செய்தால் வண்டி ஆண்டுக்கணக்கில் ஓடும். ஆனால் 'போயிடுச்சு' என்ற அந்தத் தீர்ப்பு பல நேரங்களில் அவசரத் தீர்ப்பு.

ஈசிஎம், அதாவது என்ஜின் கன்ட்ரோல் மாட்யூல் எனும் இந்த அலுமினியப் பெட்டி என்னதான் செய்கிறது? நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடும் என்ஜினில் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் 40 மில்லி விநாடி. ஆறு சிலிண்டர் என்றால், விநாடிக்கு 75 முறை டீசல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சும் நேரம் கிராங்கின் ஒரு டிகிரி தள்ளிப்போனாலே சத்தமும் புகையும் மாறத் தொடங்கும். அந்த ஒரு டிகிரி என்பது விநாடியில் 9,000-இல் ஒரு பங்கு. எல்லா இஞ்செக்டருக்கும் டீசல் கொடுக்கும் காமன் ரயில் குழாயில் அழுத்தமோ உச்சத்தில் 1,600 பார் வரைகூடப் போகும். லாரி டயரில் இருக்கும் காற்றைப் போல சுமார் 200 மடங்கு.

கிராங்க் எந்த நிலையில் இருக்கிறது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? பல என்ஜின்களில் 60 பற்களுக்கு இடமுள்ள சக்கரத்தில் 58 பற்களை மட்டும் வைத்திருப்பார்கள். ஒவ்வொரு பல்லும் சென்சாரைக் கடக்கும்போது ஒரு மின்துடிப்பு எழும். இரண்டு பல் இல்லாத இடத்தில் துடிப்பு தவறும். எண்ணிக்கை தொடங்கும் இடம் அதுதான். இல்லாத பல்லைக் கொண்டு இடத்தைக் கண்டுபிடிக்கும் இந்த யோசனையை எத்தனை முறை நினைத்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

எல்லா லாரியும் எப்போதும் இந்தப் பெட்டியை இப்படி நம்பியிருக்கவில்லை. இங்கிருந்து சில கிலோமீட்டரில், எண்ணூரில், அசோக் லேலண்ட் தொழிற்சாலை இருக்கிறது. 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பிஎஸ்-4 புகை விதி வந்தபோது, அந்த நிறுவனம் பெரிய என்ஜின்களுக்கு ஐஇஜிஆர் என்ற வழியை எடுத்தது. மெக்கானிக்குகளின் கைக்குப் பழகிய இன்லைன் பம்பை வைத்துக்கொண்டே, புகையின் ஒரு பகுதியை மறுபடி என்ஜினுக்குள் அனுப்பும் ஏற்பாடு அது. 2020-இல் பிஎஸ்-6 வந்ததும் அந்த இடைக்காலம் முடிந்தது. இன்று பெட்டி பேசாவிட்டால் லாரி நகராது.

சரி, அந்த ஏழெட்டு எரர் கோடுக்கு வருவோம். ஒரே நாளில் ஏழு சென்சார் சாகாது. அவை சேர்ந்து வருவதே ஒரு துப்பு. பல சென்சார்கள் பெட்டி தரும் ஒரே 5 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அவற்றில் ஒன்றின் வயர் உரசித் தோல் உரிந்து எர்த் ஆகிவிட்டால் போதும், எல்லாச் சென்சாரும் பழுதானதாகவே ஸ்கேனரில் தெரியும். மீட்டரை வைத்துக்கொண்டு சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எல்லாவற்றையும் கழற்றியும் 5 வோல்ட் திரும்பாவிட்டால், அடுத்து வயரைப் பார்க்க வேண்டும். எதைக் கழற்றும்போது திரும்புகிறதோ, பழுது அந்தச் சென்சாரில்தான் இருக்கிறது. பெட்டிமேல் குற்றமில்லை.

அடுத்து, பெட்டிக்கு வரும் கரண்டும் எர்த்தும். இங்கே மீட்டரே ஏமாற்றும். பத்து இழை அறுந்து ஒரே இழை மிஞ்சிய வயரிலும் மீட்டர் 24 வோல்ட் காட்டும், ஏனெனில் மீட்டர் இழுக்கும் கரண்ட் மிகமிகக் குறைவு. நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியன் மீட்டரை ஓரமாக வைத்துவிட்டு, கனெக்டரைக் கழற்றி, பெட்டிக்கு வரும் வயர்களில் 24 வோல்ட், 21 வாட் பல்பை மாட்டிப் பார்ப்பார். பல்பு பிரகாசமாக எரிந்தால் வயர் நல்லது, மங்கினால் பழுது அங்கேதான். பிறகு, வண்டியின் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் கேன் லைன். பேட்டரியைக் கழற்றிவிட்டு இரண்டு கேன் வயர்களுக்கு இடையே அளந்தால் 60 ஓம் வர வேண்டும், ஏனெனில் இரு முனைகளிலும் 120 ஓம் ரெசிஸ்டர் உண்டு. 120 வந்தால் ஒரு முனை அறுந்திருக்கிறது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் பெட்டி பேசவில்லை, அல்லது கனரக வண்டிகளின் ஜே1939 முறையில் எஸ்பிஎன் 629 என்று தன்னைப் பற்றித் தானே புகார் சொல்கிறது என்றால், அப்போது பெட்டியைச் சந்தேகிக்கலாம்.

வடசென்னையில் பெட்டி சாவதற்குக் காரணங்கள் உண்டு. எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக வரிசையில் கடலோரமாகக் காத்துக்கிடக்கும் வண்டிகள் உப்புக்காற்றில் ஊறுகின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் மணலியும் எண்ணூரும் தண்ணீரில் நின்றன. சூடான பெட்டிமேல் மழைநீர் பட்டால் உள்ளிருக்கும் காற்று சட்டென்று சுருங்கி, தேய்ந்த ரப்பர் சீல் வழியாகவும் வயர் இழைகளின் இடுக்கு வழியாகவும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரம், உப்பு, மின்னழுத்தம் மூன்றும் சேர்ந்தால், ஒரு பின்னின் உலோகம் அயனியாகக் கரைந்து அடுத்த பின்னில் மறுபடி உலோகமாகப் படியும். அது கிளை விட்டு வளர்ந்து, ஒருநாள் இரண்டு பின்களையும் இணைத்து ஷார்ட் ஆக்கிவிடும்.

இப்போது பழைய பெட்டி ஒன்று கையில் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பார்ட் நம்பர் ஒன்றே, கனெக்டர் பொருந்துகிறது. மாட்டினால் ஓடுமா? பெரும்பாலும் ஓடாது, ஓடினாலும் சரியாக ஓடாது. காரணம் பெட்டியின் நினைவு.

அந்த நினைவு ஃபிளாஷ் சிப்பில் இருக்கிறது. 1967-இல் பெல் ஆய்வகத்தில் டாவோன் காங்கும் சைமன் சேயும் காட்டிய அடிப்படையில், தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் உருவாக்கியது அது. ஒவ்வொரு நுண்ணறையிலும் சிலிக்கான் ஆக்சைடு சுவருக்குள் எலக்ட்ரான்கள் சிறைப்பட்டிருக்கின்றன. இருந்தால் 0, இல்லாவிட்டால் 1. பேட்டரியைக் கழற்றினாலும் பல ஆண்டுகள் அவை வெளியேறுவதில்லை. ஒரு லாரியின் தனித்தன்மை முழுவதும் இப்படி அடைபட்ட எலக்ட்ரான்களாக இருக்கிறது என்பதை நினைத்தால் வியப்பு அடங்குவதில்லை.

என்ன தனித்தன்மை? இரண்டு இஞ்செக்டர்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. தொழிற்சாலையில் ஒவ்வொன்றையும் சோதித்து, அதன் சிறு வித்தியாசத்தை ஒரு குறியீடாக அதன் தலையிலேயே பொறிக்கிறார்கள். பல என்ஜின்களில் ஆறு இஞ்செக்டர்களின் குறியீடும் வரிசையாகப் பெட்டிக்குள் எழுதப்பட்டிருக்கும். வேறு வண்டியின் பெட்டி, வேறு ஆறு இஞ்செக்டர்களுக்கான கணக்கை வைத்திருக்கும். என்ஜின் உதறும், புகைக்கும். திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் உள்ள வண்டியில், சாவியின் சிப் சொல்லும் ரகசிய எண்ணும் புதிதாக வந்த பெட்டிக்குத் தெரியாது. வேகக் கட்டுப்பாடும் பெட்டிக்குள்ளேயே இருந்தால் சிக்கல் இன்னும் கூடும். சட்டப்படி சாதாரண லாரிக்கு 80 கிலோமீட்டர், அபாயகரமான பொருள் ஏற்றும் டேங்கருக்கு 60. சரக்கு லாரியின் பெட்டியை மணலி டேங்கரில் மாட்டிவிட்டால் அந்த வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

அதனால்தான் தெரிந்தவர்கள் பெட்டியை மட்டும் மாற்றுவதில்லை. செத்த பெட்டியைத் திறந்து, சிப்பிலிருந்து நினைவைப் படித்து, வந்த பெட்டியில் அப்படியே எழுதுகிறார்கள். க்ளோனிங் என்பது இதுதான். பெரும்பாலும் சாவது மின்சாரம் தள்ளும் டிரைவர் பகுதியோ சால்டரோதான். நினைவுச் சிப் பல நேரங்களில் பத்திரமாகவே இருக்கும். அதுவும் போய்விட்டால், சேசிஸ் நம்பரை வைத்து நிறுவனத்தின் மென்பொருளில் புதிதாக எழுத வேண்டியதுதான். புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா அமைப்பை நிறுத்திவைக்கும்படி திருத்தப்பட்ட பெட்டிகளும் சந்தையில் உலவுகின்றன. அவற்றைத் தொடவே கூடாது. எண்ணூரும் மணலியும் சுவாசிக்கும் புகை போதும்.

முதல் பெட்டியைக் கொன்றது எது என்று தெரியாமல் அடுத்ததை மாட்டவும் கூடாது. இஞ்செக்டர் வயர் ஷார்ட் ஆகியிருந்தால், வந்த பெட்டியும் முதல் செல்ஃபிலேயே போய்விடலாம்.

பெட்டி வாங்கும்போது பில்லும், அது எந்த வண்டியிலிருந்து கழற்றியது என்ற விவரமும் கேட்டு வாங்குங்கள். உங்கள் பழைய பெட்டியை எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். உங்கள் லாரியின் நினைவு அதற்குள்தான் இருக்கிறது. அதைப் படித்தெடுக்கும்வரை அது உங்கள் கையிலேயே இருக்கட்டும்.