ஒரு துளை, ஒரு பெயர், ஒரு சிரிப்பு

பெண்ணின் சாதனையை மறுக்க இப்போதெல்லாம் யாரும் மெனக்கெடுவதில்லை. 'முன்னோடி' என்று பட்டம் கொடுத்துத் தனியே உட்கார வைத்துவிட்டால் போதும். விதிவிலக்காகக் கட்டமைக்கப்பட்டவள் விதியைத் தொந்தரவு செய்யமாட்டாள். பியாட்ரிஸ் ஷில்லிங்கின் கதையும் அப்படித்தான் சொல்லப்படுகிறது.

1909இல் இங்கிலாந்தில் பிறந்தவர். பதினான்கு வயதிலேயே மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். அதைக் கழற்றிப் பூட்டவும் தெரியும். 1934இல் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தளத்தில் 500 சி.சி. நார்ட்டன் வண்டியில் மணிக்கு 106 மைல் வேகத்தில் ஒரு சுற்றை முடித்தார். பந்தயத்தில் 100 மைலைத் தாண்டியவர்களுக்கான தங்க நட்சத்திரத்தைக் கொடுத்தாக வேண்டியிருந்தது. ஸ்டாப்வாட்ச் ஆணா பெண்ணா என்று கேட்காது.

ஆனால் அவர் ஒற்றை ஆள் இல்லை. அதே ஆண்டில் அவருக்கு முன்பே ஃபுளோரன்ஸ் பிளென்கிரன் அந்த நட்சத்திரத்தை வாங்கியிருந்தார். 1939இல் தெரசா வாலக் வாங்கினார். முதல் உலகப் போரின்போது பட்டறைகளுக்குள் அழைக்கப்பட்ட பெண்களிடம், போர் முடிந்ததும் 'வீட்டுக்குப் போங்கம்மா' என்றார்கள். போகமாட்டோம் என்றவர்கள் 1919இல் பெண் பொறியாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். அச்சங்கத்தைச் சேர்ந்த மார்கரெட் பார்ட்ரிட்ஜிடம்தான் ஷில்லிங் மின்வேலை பழகினார். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்துக்குப் போகத் தூண்டியதும் அவரே. 'முன்னோடி' என்ற சொல் இந்தக் கைகளையெல்லாம் மறைத்துவிடுகிறது.

அடுத்தது பெயர். 1936இல் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்கள் மூக்கைச் சட்டென்று கீழே சாய்த்தால் மெர்லின் எஞ்சின் திணறி நின்றது. கார்புரேட்டரில் பெட்ரோல் முதலில் எட்டாமல் போகும், பிறகு வெள்ளமாய்ப் பாயும். எஞ்சின் முழு வேகத்தில் எவ்வளவு குடிக்குமோ, அவ்வளவை மட்டும் விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டை 1941இல் ஷில்லிங் வடிவமைத்தார். விமானத்தை முடக்காமலே பொருத்தலாம். எஞ்சின் எங்கே திணறும் என்பது வண்டியைத் தானே பிரித்துச் சீர்செய்து ஓட்டியவருக்குப் புதிதா என்ன?

ராணுவத்தார் அதற்கு வைத்த பெயர் 'மிஸ் ஷில்லிங்கின் துளை'. அதிலிருக்கும் ஆபாசம் தற்செயலல்ல. 1938இலேயே திருமணமானவர் அவர். 'மிஸ்' என்பதும் அந்த நக்கலோடு சேர்ந்ததுதான். போர் எந்திரத்துக்கு உழைத்ததை நாம் கொண்டாட வேண்டியதில்லை. அது வேறு விவாதம். இங்கே பார்க்க வேண்டியது, கருவியை ஏற்றுக்கொண்ட அதே மொழி அதைச் செய்தவளை எப்படி வெறும் உடலாக்கியது என்பதை. கணக்கு அவளுடையது, சிரிப்பு அவர்களுடையது.

1990இல் அவர் இறந்தார். துளையின் கதையைச் சொல்லும்போது இன்றும் முதலில் வருவது அந்தச் சிரிப்புதான். அடுத்த முறை 'முதல் பெண்' என்று எழுத உட்காரும்போது, இரண்டாவது பெண் யார், இவளுக்குக் கதவைத் திறந்துவிட்டது யார் என்றும் கேட்டுவிட்டு எழுதுவோம்.