பாதியில் நின்ற பதிவு: ஏன் ஆபத்து? எப்படித் தடுப்பது?

திருத்தணியில் ஆடிக் கிருத்திகைக்கு அறை கோரும் பக்தரின் கட்டணம் கணக்கில் ஏறியபின், அறை ஒதுக்கீடு பதிவாகுமுன் பிழை நேர்ந்ததாகக் கொள்வோம். பணம் உண்டு, அறை இல்லை என்னும் இவ்விபரீதத்தைத் தடுக்கவே, இரு காரியங்களும் ஒருங்கே நிறைவேறவேண்டும், அன்றேல் இரண்டும் நிகழாதொழியவேண்டும் என்னும் ‘டிரான்ஸாக்‌ஷன்’ நியமம் டேட்டாபேஸில் ஏற்பட்டது.

பெர்ல் மொழியில் இந்நியமத்தை இடந்தோறும் எழுதாமல், செய்யவேண்டிய காரியத்தையே சப்ரூட்டீனாக ஏற்கும் துணைச் செயற்கூறு ஒன்றை அமைப்பது உத்தமம். அது பெர்லின் டேட்டாபேஸ் இடைமுகமான டிபிஐயின் ‘ரெய்ஸ்எரர்’ அமைப்பை 1 ஆக்கி, ‘பிகின்_ஒர்க்’ என்று தொடங்கி, காரியத்தையும் ‘கமிட்’டையும் ‘ஈவல்’ தொகுதிக்குள் நடத்தி, பிழை எழுந்தால் அதனை முதலில் பத்திரப்படுத்தி, ‘ரோல்பேக்’ செய்து, பின் ‘டை’ மூலம் அழைத்தவரிடமே ஒப்படைக்கும்.

ஒவ்வொரு மாற்றத்தையும் உடனே உறுதிசெய்யும் டிபிஐயின் ‘ஆட்டோகமிட்’ அமைப்பு ஏற்கெனவே 0 எனில், வெளியே ஒரு டிரான்ஸாக்‌ஷன் நடைபெறுவதாகக் கருதி, மீண்டும் தொடங்காமல் காரியத்தை மட்டும் நடத்துவதே விவேகம்.

டிபிஐஎக்ஸ்::கிளாஸ் என்னும் பெர்ல் நூலகத்தை உபயோகிப்போருக்கு ‘டிஎக்ஸ்என்_டூ’ என இவ்வசதி ஆயத்தமாகவே கிடைக்கிறது.