விளையாட்டுக் காசும் மெய்ப்பணமும்

கோல லங்காட் மாவட்டத்திலுள்ள ஜெஞ்சாரோமில் ஒரு மாணவன் தன் திறன்பேசியில் இயங்கலை விளையாட்டு ஒன்றை ஆடுவதாக வைத்துக்கொள்வோம். அவன் ஏற்ற வீரன் பாத்திரம் அரக்கர்களை வீழ்த்திக் காசு சேர்க்கிறது. அவன் விரும்பும் வாளை வாங்க மூன்று வாரம் ஆட வேண்டும். அப்போது முன்பின் அறியாத ஒருவர், “இருபது ரிங்கிட் கொடு, அந்தக் காசை இன்றே தருகிறேன்” எனச் செய்தி அனுப்புகிறார். வாங்கலாமா?

இவ்வணிகம் புதிதன்று. 2001ஆம் ஆண்டில் எட்வர்ட் காஸ்ட்ரோனோவா எனும் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ‘எவர்குவெஸ்ட்’ விளையாட்டை ஆராய்ந்தார். அதன் காசுகளும் பொருள்களும் மெய்ப்பணத்திற்கு விற்கப்பட்ட விலைகளைக் கணக்கிட்டார். அந்தக் கற்பனை உலகின் தனிநபர் உற்பத்தி, ரஷ்யாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்டதாக இருந்தது!

கற்பனைக் காசுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? அதைச் சேர்க்க நேரம் தேவைப்படுவதே காரணம். நேரமில்லாதவர், பிறர் செலவிட்ட நேரத்தை விலைக்கு வாங்குகிறார். இதனால் சீனாவில் கூலிக்கு ஆள் அமர்த்திக் காசு சேர்க்கும் கூடங்கள் தோன்றின. வேறு சிலர் ‘பாட்’ எனப்படும் தானியங்கி நிரலைப் பயன்படுத்தினர். அந்நிரல் உண்ணாது, உறங்காது; இரவும் பகலும் காசு சேர்க்கும். காசு அளவுக்கு மீறிப் பெருகினால் அதன் மதிப்பு சரியும். ஆட்டக்காரர்கள் தமக்குள் விற்கும் பொருள்களின் விலை ஏறும். மூன்று வார உழைப்பில் கிடைத்த வாளுக்கு ஆறு வாரம் உழைக்க நேரலாம். நேர்மையாக ஆடுபவரே இதனால் பாதிக்கப்படுகிறார்.

நிறுவனங்கள் இதனைத் தடுக்கப் பல வழிகளை நாடின. ‘ரூன்ஸ்கேப்’ விளையாட்டை நடத்தும் நிறுவனம், ஆட்டக்காரர்களுக்கிடையிலான தடையற்ற பரிமாற்றத்தையே கட்டுப்படுத்தியது. எனினும், ஆட்டக்காரர்கள் பலர் அதை எதிர்த்தனர். 2011இல் வாக்கெடுப்புக்குப் பின் அவ்வுரிமை மீண்டும் வழங்கப்பட்டது. ‘டையாப்லோ 3’ விளையாட்டோ 2012இல் தானே மெய்ப்பணச் சந்தையைத் திறந்தது. அரக்கர்களை வென்று பொருள் பெறும் சுவையை அச்சந்தை கெடுத்ததால், 2014 மார்ச்சில் அது மூடப்பட்டது.

இனி, அந்த மாணவனிடம் திரும்புவோம். மெய்ப்பண வணிகத்தைத் தடைசெய்யும் விளையாட்டுகளில், வாங்கியவரின் கணக்கும் முடக்கப்படலாம். இருபது ரிங்கிட்டைப் பெற்றுக்கொண்டு விற்பவர் மறைந்துவிடலாம். கடவுச்சொல்லைக் கேட்டுப் பெற்று, கணக்கையே பறிக்கலாம். எனவே, பணம் அனுப்பும் முன் விளையாட்டின் விதிகளைப் படியுங்கள், பெற்றோரிடம் கேளுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பெற்றோரின் துணையுடன் உடனே வங்கியையோ தேசிய மோசடி மறுமொழி மையத்தின் 997 எண்ணையோ அழையுங்கள். மூன்று வாரம் ஆடி வாங்கும் வாளில் இத்தகைய ஆபத்து எதுவும் இல்லை.