கல்லைக் கழுவுமுன்

தஞ்சை மண்ணில் கல் கிடையாது. காவிரி பல்லாயிரம் ஆண்டுகளாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் டெல்டா. கிணறு வெட்டினாலும் போர் போட்டாலும் களியும் மணலுமாகத்தான் வரும். 1010-ஆம் ஆண்டு ராஜராஜ சோழன் பெரிய கோயிலைக் கட்டி முடித்தபோது, அறுபது மீட்டருக்கு மேல் உயர்ந்த விமானத்துக்கான கருங்கல் அத்தனையும் வெளியூரிலிருந்தே வந்தது. புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் குன்றுகளில் வெட்டி இழுத்து வந்திருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்களின் கருத்து. இன்றைக்கும் நிலை அதேதான். அடுப்படி மேடைக்குப் போடும் கடப்பா கல் ஆந்திரத்திலிருந்தும், கூடத்துக்குப் போடும் மார்பிள் ராஜஸ்தானிலிருந்தும் லாரி ஏறி வருகின்றன. இவ்வளவு தூரம் வந்த கல் பெரும்பாலும் கெடுவது, நாம் அதைச் சுத்தம் செய்கிற விதத்தால்.

பழைய வீட்டு அடுப்படியில் கடப்பா கல் மேடை இருந்தால், ஊறுகாய் ஜாடி வைத்த இடத்தைக் குனிந்து பாருங்கள். கறுத்த கல்லில் ஜாடியின் அடி அளவுக்கு வெளிறிய வளையம் ஒன்று தெரியும். துடைத்தால் போகாது. சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் போகாது. அது கறையே இல்லை; கல்லின் மேற்பரப்பு அங்கே கொஞ்சம் குறைந்துபோயிருக்கிறது. கடப்பா கல் ஒரு சுண்ணாம்புப் பாறை. மார்பிளும் கோட்டா கல்லும் அதே குடும்பம்தான். மூன்றுக்கும் முதன்மைப் பொருள் கால்சியம் கார்பனேட். எலுமிச்சையின் சிட்ரிக் அமிலமோ புளியின் டார்டாரிக் அமிலமோ அதன்மேல் பட்டால் வினை தொடங்கிவிடும். கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், கல்லின் மெல்லிய படலம் கரையும். மெருகேறிய பரப்பு ஒளியை ஒழுங்காகத் திருப்பியனுப்புவதால்தான் கறுப்பாக மின்னுகிறது. அரிபட்டுச் சொரசொரப்பானதும் ஒளி எல்லாப் பக்கமும் சிதறுகிறது, கண்ணுக்கு வெளுப்பாகத் தெரிகிறது.

ஊறுகாய்க்கே இப்படி என்றால், குளியலறையிலிருந்து எடுத்துவந்து ஊற்றும் ஆசிட் என்ன செய்யும்? டெல்டாவில் இந்தப் பழக்கம் பரவியதற்கு ஒரு காரணம் தண்ணீர். போர் தண்ணீர் பல ஊர்களில் கடினநீர். கடலோரம் போகப் போக உப்பும் சேரும். தினமும் அதில் தரை துடைத்தால் வெள்ளைப் படலம் படியும். அதைப் போக்க ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுகிறார்கள். அந்தப் படலமும் கால்சியம் கார்பனேட், கீழே இருக்கும் மார்பிளும் கால்சியம் கார்பனேட். எது அழுக்கு, எது தரை என்று அமிலத்துக்குத் தெரியாது. நுரைத்துக்கொண்டு வரும்போது அழுக்கு கிளம்புகிறது என்று மகிழ்கிறோம். கிளம்புவதில் பாதி தரை. படலமே சேராமல் இருக்க வழி எளிது: துடைத்த ஈரத்தைத் தானாகக் காயவிடாமல் உலர்ந்த துணியால் ஒருமுறை ஒற்றி எடுத்துவிட வேண்டும். ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் குளோரின் வாயு வரும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

கிரானைட் வேறு வகை. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மைக்கா ஆகிய கனிமங்கள் இறுகிச் சேர்ந்த பாறை அது. எலுமிச்சைக்கு அசையாது. ஆனாலும் ஆசிட் அதற்கும் ஆகாது. கல்லுக்குள் இருக்கும் இரும்புக் கனிமத்தை அது கிளப்பிவிட, வெள்ளை கிரானைட் மஞ்சளடித்துப் போகும். வீட்டில் இருப்பது எந்தக் கல் என்று சந்தேகம் வந்தால், கண்ணில் படாத மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கலாம். நுரைத்தாலும், காய்ந்தபின் மங்கலான தடம் விட்டாலும் அது சுண்ணாம்புக் குடும்பம்.

அடுத்த எதிரி மணல். ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ். கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் அது 7. மார்பிளின் கால்சைட் வெறும் 3. காலில் ஒட்டி வந்த மணலோடு ஈரத்துணி போட்டுத் தேய்ப்பது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம். கிரானைட்டில்கூட ஃபெல்ஸ்பார் 6தான், கீறல் விழும். அதனால் முதலில் பெருக்கல், பிறகுதான் துடைத்தல். வாசலில் ஒரு நல்ல மிதியடி எந்தத் தரைக் கெமிக்கலையும்விடப் பயன்தரும். பித்தளைக்குப் போடும் உமிச்சாம்பலும் மார்பிளுக்கு வேண்டாம், அதில் பெரும்பங்கு சிலிக்கா. வாளித் தண்ணீருக்குச் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பின் நல்ல தண்ணீரில் ஒரு துடைப்பு. அவ்வளவு போதும்.

இனி டெல்டாவுக்கே உரிய தொல்லை ஒன்று. மேட்டூர் அணை திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்தது முதல் ஐப்பசி, கார்த்திகை மழை ஓயும்வரை தரைக்கடியில் ஈரம் ஏறியே இருக்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் அந்த ஈரம் கல்லின் நுண்துளைகள் வழியே மேலே வருகிறது, மண்ணிலுள்ள உப்பையும் கரைத்துக்கொண்டு. தை பிறந்து வெயில் ஏறியதும் நீர் ஆவியாகிவிடும். உப்பு துளைக்குள்ளேயே படிகமாகும். படிகம் வளர வளர உள்ளிருந்து நெருக்கும். மேற்பரப்பு பொடிந்து செதில் செதிலாக உதிரும். உப்புப் பூத்த தரையைக் கண்டதும் நாம் செய்வது தண்ணீர் ஊற்றிக் கழுவுவது. அது உப்பைக் கரைத்துத் திரும்பக் கல்லுக்குள்ளேயே அனுப்பிவிடும். முதலில் உலர்ந்த பிரஷ்ஷால் கூட்டி அள்ள வேண்டும். ஈரம் ஏறும் தரையில் பெயின்ட், வார்னிஷ் பூசி மூடுவதும் கேடுதான். வெளியேற வழியில்லாத உப்பு, பூச்சையும் கல்லையும் சேர்த்தே பெயர்க்கும். பாவுகல் இடுக்கில் சுண்ணாம்புக் காரை இருந்தால் ஈரம் அந்த வழியே மூச்சுவிடும். அதை நோண்டியெடுத்து சிமென்ட் அடைத்தால் ஈரம் கல் வழியேதான் வர வேண்டும். பழைய வீட்டுக்காரர்களும் கோயில் திருப்பணிக்காரர்களும் இதை அவசியம் நினைவில் வைக்க வேண்டும்.

கோயில்களில் சுத்தம் செய்கிறோம் என்று நடந்த பெரிய கொடுமை, அழுத்தக் காற்றோடு மணலை வீசிக் கல்லைத் தேய்த்தது. சாண்ட் பிளாஸ்டிங் என்று அதற்குப் பெயர். எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்புப் பூச்சும் போய்க் கல் புதிதுபோல் தெரியும். கூடவே உளி பட்ட தடமும், கல்வெட்டு எழுத்தின் விளிம்பும் போய்விடும். பெரிய கோயில் கல்வெட்டு ஒன்று, தளிச்சேரிப் பெண்டுகள் எனப்பட்ட கோயில் ஆடல்மகளிர் 400 பேரைப் பெயர் சொல்லி, எந்தத் தெருவில் எந்த வீடு என்பதுவரை குறித்திருக்கிறது. அத்தனையும் நிற்பது கல்லில் சில மில்லிமீட்டர் ஆழத்தில். இதுபோன்ற எழுத்துகள் எத்தனையோ சிறு கோயில்களில் இன்னும் படியெடுக்கப்படாமலே இருக்கின்றன. தமிழக அரசு கோயில்களில் இந்த முறைக்குத் தடை விதித்திருக்கிறது. மாற்று வழி மெதுவானது, ஆனால் இருக்கிறது. சிறிது அம்மோனியாவும் அமிலமில்லாத சோப்புத் திரவமும் கலந்த நீரில் ஊறிய காகிதக்கூழைக் கல்லின்மேல் அப்பிக் காயவிடுவார்கள் பாதுகாப்பு வேதியியலாளர்கள். காயும்போது கூழ் அழுக்கை வெளியே இழுத்துக்கொள்ளும். வீட்டுத் தரையில் எண்ணெய் ஊறியிருந்தால் சமையல் சோடாவைக் கெட்டியாகக் குழைத்து அப்பி, பிளாஸ்டிக் தாளால் ஒருநாள் மூடி, பிறகு திறந்து காயவிட்டு வழித்தெடுக்கலாம். ஒரே தடவையில் போகாது. பொறுமையாகத் திரும்பச் செய்ய வேண்டும்.

கோயிலைத் துப்புரவு செய்வதைத் தொண்டாக்கியவர் நாவுக்கரசர். திருப்புகலூரில் அவர் புல் செதுக்கிய இடத்தில் பொன்னும் மணியும் கிடந்தன என்றும், அவற்றையும் பருக்கைக் கல்லோடு சேர்த்துக் குளத்தில் எறிந்தார் என்றும் பெரியபுராணம் சொல்லும். அவர் கையிலிருந்த உழவாரம் புல்லைச் செதுக்கும் கருவி. இன்றும் ஞாயிறுதோறும் உழவாரப் பணிக்குப் போகும் குழுக்கள் டெல்டாவில் பல உண்டு. அவர்களால்தான் பல சிறு கோயில்கள் மூச்சுவிடுகின்றன. அவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆசிட் கேனையும் கம்பி பிரஷ்ஷையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தென்னந்துடைப்பம், நைலான் பிரஷ், நல்ல தண்ணீர் போதும். கல் இடுக்கில் முளைத்த அரசங்கன்றைப் பிடுங்கி இழுக்காதீர்கள், வேரோடு கல்லும் நகரும். அடியோடு வெட்டிவிட்டு, வேரைச் சாகடிக்கும் வேலையை விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். எழுத்து தெரியும் கல்லாக இருந்தால் பிரஷ்கூட வேண்டாம். படம் எடுத்துத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். அவர்கள் வந்து படியெடுக்கும்வரை அந்தக் கல் அழுக்காகவே இருக்கட்டும்.