டீசல் சுடருக்குள் பாய்ந்த லேசர்

லாரி மேட்டில் ஏறும்போது கக்கும் கரும்புகை எல்லோர் கண்ணிலும் படுகிறது. அந்தக் கரி இன்ஜினுக்குள் எந்த இடத்தில் பிறக்கிறது என்பது மட்டும் நெடுங்காலம் ஊகமாகவே இருந்தது. ருடால்ஃப் டீசலின் இன்ஜின் 1897-இல் வெற்றிகரமாக ஓடியது. நூறு ஆண்டு கழித்து, 1997-இல்தான், அமெரிக்காவின் லிவர்மோரில் உள்ள சாண்டியா தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் டெக், டீசல் தாரை எரியும் விதம் பற்றிய தெளிவான சித்திரத்தை வெளியிட்டார். அதை வரைய உதவியது லேசர்.

சுடரில் மஞ்சளாக நாம் காண்பது, சூடேறிய கரித்துகள்களின் ஒளி. எரிதலை நடத்தும் ஹைட்ராக்சில் போன்ற மூலக்கூறுகள் தோன்றிய வேகத்தில் வினைபுரிந்து மறைந்துவிடும். குழாய் விட்டு உறிஞ்சினால் வழியிலேயே வேறாகிவிடும். கருவியை நுழைத்தால் சுடரே கலையும்.

ஒளி அப்படிக் கலைப்பதில்லை. ஒவ்வொரு மூலக்கூறும் தனக்குரிய அலைநீளங்களை மட்டுமே உட்கொள்ளும். சுமார் 283 நானோமீட்டர் புற ஊதா லேசர் பட்டால் ஹைட்ராக்சில் ஆற்றல் பெற்று, 310 நானோமீட்டரை ஒட்டிய ஒளியை உமிழும். நைட்ரிக் ஆக்சைடைத் தேட 226 நானோமீட்டர் வேண்டும். லேசர் கற்றையை மெல்லிய தகடாக விரித்துச் செலுத்தி, பக்கவாட்டிலிருந்து கேமராவில் பிடித்தால், பழத்தைக் குறுக்கே நறுக்கியதுபோல் சுடரின் வெட்டுமுகம் கிடைக்கும். ஒரு துடிப்பு சுமார் 10 நானோ விநாடிதான்; அதற்குள் எந்தக் கொந்தளிப்பும் அசையாது. ஸ்டான்ஃபோர்டு, ஸ்வீடனின் லுண்ட் முதலிய இடங்களில் 1980-களின் தொடக்கத்தில் வளர்ந்த நுட்பம் இது.

சாண்டியாவில் லாரி இன்ஜினுக்குக் குவார்ட்ஸ் ஜன்னல்கள் வைத்து, பலவகை லேசர் படங்கள் எடுத்தார்கள். கரி தாரையின் ஓரத்தில்தான் உருவாகிறது என்ற பழைய எண்ணம் தகர்ந்தது. டீசல் சிறிது தூரத்திலேயே ஆவியாகி, போதிய காற்று கலக்காமலே பற்றுகிறது. அங்கே பிறக்கும் கரி தாரையின் உட்பகுதி முழுக்கப் பரவுகிறது. ஹைட்ராக்சில் ஒளிர்ந்ததோ தாரையைச் சுற்றிய மெல்லிய விளிம்பில். காற்றைச் சந்திக்கும் அந்த விளிம்புச் சுடர்தான் கரியின் பெரும்பகுதியை எரித்துத் தீர்க்கிறது. தப்பியது புகையாக வெளியேறுகிறது.

இடம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது: பற்றுவதற்கு முன்பே காற்றை நன்றாகக் கலக்க வேண்டும். அதே ஆய்வகத்தின் சார்லஸ் முல்லர் குழு, எரிபொருள் பீய்ச்சும் துளைக்கு எதிரே சிறு குழாயைப் பொருத்திக் கரியை வெகுவாகக் குறைத்துக் காட்டியது.

இந்தப் படங்களைப் படிக்க நிதானம் தேவை. ஆற்றல் பெற்ற மூலக்கூறு அக்கம்பக்கத்து மூலக்கூறுகளோடு மோதி, ஒளிராமலே அடங்கிவிடுவதும் உண்டு. எனவே பிரகாசத்தை அப்படியே எண்ணிக்கையாகக் கொள்ள முடியாது. வெப்பம், அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மின்சார வாகனக் காலத்தில் இது எதற்கு எனக் கேட்கலாம். கப்பலும் விமானமும் இன்னும் எரிபொருளை நம்பியே இயங்குகின்றன. கார்பனே இல்லாத ஹைட்ரஜனை எரித்தாலும் நைட்ரஜன் ஆக்சைடுகள் உருவாகும். புகைக்கு வரம்பு விதிக்கும் அரசுகள், புகை பிறக்கும் இடத்தை அளக்கும் ஆய்வகங்களுக்கும் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும். வரம்பை எட்டும் வழி அங்கேதான் கண்டுபிடிக்கப்படுகிறது.